பாவங்களைத் தனித்தாளில் இணைக்கவும்

ஞானஸ்நானத்துக்கு ஒரு விண்ணப்பப் படிவம் வேண்டும் என்று கண்டுபிடித்தவர் சபைச் செயலர்தான்.

லைசன்ஸ் ஆபீசில் முப்பத்திரண்டு வருஷம் குப்பை கொட்டியவர். படிவம் இல்லாமல் ஒருவன் பரலோகத்துக்குள் நுழைந்துவிடுவான் என்பதை அவரால் தாங்கவே முடியவில்லை. பெயர், விலாசம், செய்த நற்செயல்கள், ஜாமீன்தாரர் இருவர், கடைசியில் பாவங்கள். இடம் போதாவிட்டால் தனித்தாளில் இணைக்கவும்.

ஏற்கெனவே ஞானஸ்நானம் எடுத்தவர்களுக்கு விலக்கு உண்டு. அதாவது, அவருக்கு.

படிவத்தைப் பிசிறில்லாமல் டைப் அடித்துக் கொடுத்தவர் அவருடைய மாப்பிள்ளை. பாடகர் குழுத் தலைவர், கமிட்டியில் மினிட்ஸ் எழுதுகிறவர். செயலர் வாய்க்கு வாய் மெச்சிக்கொள்ளும் ஆள்.

படிவம் பிறந்ததே வெல்டருக்காகத்தான். மூன்று வருஷத்துக்கு முன் சபையின் மைக் செட் காணாமல் போனது. ஜன்னலுக்குக் கிரில் மாட்ட வந்த வெல்டர் மேல்தான் எல்லோருக்கும் சந்தேகம். மகள் கல்யாண வேலை தலைக்கு மேல் கிடந்த அந்த வாரத்திலும் ஓடிப்போய்ப் புகார் கொடுத்தவர் செயலர். வெல்டர் ஒரு அடிகூட வாங்காமல் ஒப்புக்கொண்டார். ஆறு மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்தார். மைக் செட் மட்டும் திரும்பி வரவில்லை.

வெளியே வந்த பிறகு வாரம் தவறாமல் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். ஒரு வருஷம் கழித்து, ஞானஸ்நானம் வேண்டும் என்று போதகரிடம் கேட்டார். ஞாயிற்றுக்கிழமைக்கென்று ஒரு வெள்ளைச் சட்டைகூட வாங்கி வைத்துவிட்டார்.

போதகர் செயலரிடம் வாதாடிப் பார்த்தார்.

"நம்ம போதனையே அதானேய்யா? செஞ்ச நல்லதை எண்ணிப் பார்த்துக் கடவுள் யாரையும் ஏத்துக்கிறதில்ல. நம்பி வந்தா போதும். பழசெல்லாம் போச்சு, புது வாழ்வு."

"அது மேல இருக்கிற ஆபீஸ் நடைமுறை. நான் கீழ இருக்கிற ஆபீஸைப் பத்திப் பேசறேன். நாளைக்கு இவன் மறுபடி எதையாவது தூக்கிட்டுப் போனா யார் பதில் சொல்றது?"

போதகர் அதற்கு மேல் பேசவில்லை. அவர் வீட்டுக் கூரை ஒழுகியது. அதைச் சரிசெய்யக் கொடுத்த விண்ணப்பமும் செயலரிடம்தான் கிடந்தது.

சனிக்கிழமை மதியம் கமிட்டி கூடியது. வெல்டர் படிவத்தை நீட்டினார். நற்செயல்கள் என்ற இடத்தில் 'ஒன்றும் இல்லை' என்று எழுதியிருந்தார். ஜாமீன்தாரர் இருவர் கேட்ட இடத்தில் 'இயேசு' என்று ஒரே ஒரு பெயர். கையெழுத்து இல்லாததால் செயலர் அதை ஏற்கவில்லை.

ஆனால் பாவங்கள் மூன்று தாள், இரண்டு பக்கமும். செயலர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ருசித்துப் படித்தார். படித்து முடித்த தாளை உறுப்பினர்கள் ஆளுக்கு ஆள் கைமாற்றிக்கொண்டார்கள். தொடர்கதைக்குக்கூட அவ்வளவு அடிதடி இருக்காது. குடி, சண்டை, அண்ணனை அடித்தது, கம்பி திருடி ஒரு தடவையும் சைக்கிள் திருடி ஒரு தடவையும் ஜெயிலுக்குப் போனது.

செயலர் தாள்களைத் திரும்ப வாங்கி, முன்னும் பின்னும் புரட்டினார்.

"மைக் செட் எங்க?"

"அது இதுல வராது சார்."

"பார்த்தீங்களா ஐயா, மறைக்கிறான். இவனுக்குப் புது வாழ்வாம்."

போதகர் மூன்றாம் தாளின் கடைசி வரியில் விரலை வைத்தார். 'போலீசில் பொய் சொன்னது, ஒரு தடவை.' என்ன பொய் என்று கேட்டார்.

வெல்டர் தலையைச் சொறிந்தார்.

"மைக் செட்டை நான் எடுத்தேன்னு சொன்னது."

ஏன் அப்படிச் சொன்னார் என்று போதகர் மெதுவாகக் கேட்டார்.

"கிரில் மாட்டும்போது, எடுத்துட்டுப் போனவரைப் பார்த்தேன் ஐயா. காட்டிக்குடுத்தா ஒரு பொண்ணோட கல்யாணம் நின்னுடும். நான் ஏற்கெனவே ரெண்டு தடவை உள்ள போனவன். எனக்கு இன்னொரு தடவை பெரிசில்லைன்னு தோணுச்சு."

செயலர் நம்புவதாக இல்லை. கதை நன்றாக இருக்கிறது, ஆள் யாரென்று பெயரைச் சொல் என்றார்.

"சொன்னா நாளைக்கே ஞானஸ்நானம். சொல்லலைன்னா விண்ணப்பம் தள்ளுபடி."

"அது என் பாவம் இல்லையே சார். என் ஃபாரத்துல அதை எப்படி எழுதறது?"

அடுத்த வருஷம்கூடக் கிடையாது என்று செயலர் மிரட்டினார். வெல்டர் மூன்று தாளையும் வாங்கி, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அழுதுவிடுவாரோ என்று போதகருக்குப் பயமாக இருந்தது. அழவில்லை.

"அப்ப தள்ளுபடியே பண்ணிடுங்க சார்" என்று சொல்லிவிட்டுக் கதவை நோக்கி நடந்தார்.

செயலருக்குப் பரம திருப்தி. "தள்ளுபடின்னு எழுதுங்க மாப்பிள்ளை" என்றார்.

மாப்பிள்ளை எழுதவில்லை. பேனாவை மூடி மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"அந்த ஃபாரம் இன்னொண்ணு இருக்கா மாமா? எனக்கு வேணும்."