ஆடியில் தொடங்கிய கிறிஸ்மஸ்

1934, ஆடி மாதம். குற்றாலத்துச் சாரல் தென்காசி வரைக்கும் தூறிக்கொண்டிருந்தது. பகையோடு யாரும் கிறிஸ்மஸ் திருவிருந்துக்கு வரக்கூடாது என்பதால், சபையில் யார் யாரோடு பேசுவதில்லை என்று உபதேசியார் யோபு ஒரு நோட்டில் எழுதிவந்தார். பாக்கியத்தாய் தானாகவே வந்து, யாரோடு பகை என்று மட்டும் சொல்லாமல், முதல் பெயராகப் பதிந்திருந்தாள். நாத்தனார் அன்னம்மாளோடு அவள் கிணற்றடியில் போட்ட சண்டைதான் காரணமென்று நினைத்து, உபதேசியார் அன்னம்மாளைக் கையோடு அழைத்துக்கொண்டு பாக்கியத்தாய் வீட்டுக்குப் போனார்.

"இவளா? நாங்க முந்தாநாளே பேசியாச்சே" என்றாள் பாக்கியத்தாய்.

"குழம்புக்குப் புளி கேட்டு வந்தா. பேசாம எப்படிக் கேப்பா?" என்றாள் அன்னம்மாள்.

உபதேசியாருக்கு முகம் சுண்டிப்போயிற்று. நோட்டைப் புரட்டினார்.

"பெறகு யாரு மேலக்கா கோவம்? ஆளைச் சொல்லுங்க, இன்னைக்கே கூட்டிட்டு வாரேன்."

"அவரு டிசம்பர்லதான் வருவாரு."

"பட்டாளத்துல இருக்காரோ?"

அன்னம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். பாக்கியத்தாய் மூலையில் சுருட்டி வைத்திருந்த தொட்டில் சேலையைப் பார்த்தாள்.

"போன கிறிஸ்மஸ் அன்னைக்கு, பாலகன் பொறந்துட்டாருன்னு கோயில்ல எல்லாரும் பாடுதப்போ, இங்கன எம்புள்ள மலைக்காய்ச்சல்ல கண்ண மூடிட்டு. அந்தப் பாலகன் மேலதான் கோவம். இந்த வருஷமாவது அவரோட ராசியாயிரணும்னு இருக்கு. அஞ்சு மாசம் போதுமா ஐயா?"