‘வார்ஃப்’ வந்த வழி

“அங்க போயாவது வாயை வச்சுக்கிட்டு சும்மா இருங்க” என்று சொல்லித்தான் மனைவி அவரை இண்டர்வியூவுக்கு அனுப்பினாள். போன வேலை, எல்லார் முன்னாலும் முதலாளியின் இங்கிலீஷைத் திருத்தியதில் போயிருந்தது.

துறைமுக மேனேஜர் ஜன்னல் வழியே, கப்பலில் இருந்து சரக்கு இறக்கும் மேடையைக் காட்டினார்.

“இதுக்கு வார்ஃப்னு ஏன் பேரு தெரியுமா? ‘வேர்ஹவுஸ் அட் ரிவர் ஃபிரண்ட்’. அதோட முதல் எழுத்துங்கதான்.”

சுத்தக் கட்டுக்கதை. கரை என்ற பொருளில் பழைய ஆங்கிலத்திலேயே இருந்த சொல் அது. நாக்கு நுனி வரை வந்ததை அவர் மென்று விழுங்கினார்.

“அப்படியா சார்? இன்னைக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.”

“சந்தேகம் ஒண்ணும் இல்லையே?”

“நீங்க சொன்னா சரியாத்தான் சார் இருக்கும்.”

இத்தனை அடக்கம் இவ்வளவு நாளாகத் தனக்குள் எங்கே ஒளிந்திருந்தது என்று அவருக்கே பெருமையாக இருந்தது. மேனேஜர் ஃபைலை மூடிவிட்டு ஏதோ சொன்னார்.

வெளியே வந்ததும் மனைவி போனில் கேட்டாள்.

“வாயைத் திறக்கலையே?”

“திறக்கவே இல்லை.”

“அப்பாடா. வேலை கிடைச்சிடுச்சா?”

“இல்லை. துறைமுகப் பத்திரிகையில புரூஃப் ரீடர் வேலைக்கு, தப்பைப் பார்த்தும் சும்மா இருக்கிற ஆள் வேண்டாமாம்.”