காதுக்குள் பிலவேந்திரன்

இறந்துபோன அப்பா பிலவேந்திரன், குத்துச்சண்டை மேடையில் செலினின் தலைக்கவசத்துக்குள் பேசிக்கொண்டிருந்தார். இப்போதெல்லாம் யாரும் தனியாக மேடையேறுவதில்லை.

"இடது தோளக் காட்டிட்டு ரைட்டுல குத்து," என்றார் அப்பா.

அவள் கையை ஓங்குவதற்குள் எதிர் மூலையிலிருந்து கஜபதி தன் மகளுக்குக் குரல் கொடுத்தார். "ரைட்டு வருது பாரு, குனி."

குத்து காற்றில் போனது. முதல் இரண்டு சுற்றுகளும் இப்படியே போயின. கஜபதி அப்பாவோடு பதினோரு முறை மோதியவர். அப்பா அடுத்து என்ன சொல்வார் என்பது அவருக்கு மனப்பாடம்.

கடைசிச் சுற்றுக்கு முன் செலின் கவசத்தின் பொத்தானை அழுத்தி அப்பாவின் குரலை நிறுத்தினாள். "கோச்சிக்காத நைனா, இத நானே பாத்துக்கறேன்."

அப்பா வாழ்நாளில் குத்தாத ஒரு குத்தைக் கீழிருந்து இடது கையால் விட்டாள். கஜபதி வாயைத் திறந்தார், சொல்ல ஒன்றும் வரவில்லை. அவர் மகள் விழுந்தாள்.

பரிசளிப்பு முடிந்ததும், தோற்ற மகளுக்கு இளநீர் வாங்கிக் கொடுத்துவிட்டு அவர் செலினிடம் வந்தார்.

"நல்லா ஆடுனம்மா. அந்தக் கவசத்த ஒரு நாளைக்குக் குடேன்."

"எதுக்கு பெரீப்பா? எங்கப்பா சொல்றதுதான் உங்களுக்கு முன்னாடியே தெரியுதே."

"தெரியும். ஆனா அவன் வாயால கேட்டு நாலு வருஷமாச்சி. சண்ட போட ஆளே இல்ல."