"ஏங்க, எங்க இருக்கீங்க?"

"இந்த மாசக் கடைசி வரைக்கும் பார்ப்பேன். அதுக்குள்ள நம்ம வீட்டைத் தாண்டி ஒரே ஒரு தமிழ்க் குரல் என் காதுல விழலைன்னா எனக்கு ஊருக்கு டிக்கெட் போட்டாகணும். சொல்லிட்டேன்!"

கடையின் நகரும் படிக்கட்டில் நின்றபடி மனைவி இதைச் சொன்னபோது அவன் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. சும்மா மிரட்டுகிறவள் இல்லை அவள். லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை கிடைத்து இருவரும் இந்தத் தேசத்துக்கு வந்து நாலு மாதம் ஆகிறது. காலையில் அவன் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால் இருட்டின பிறகுதான் திரும்புவான். அதுவரை அவள் ஏழாவது மாடியில் நாலு சுவரோடு பேசிக்கொண்டிருக்க வேண்டும். பாவம், எத்தனை நாள்தான் தாங்குவாள்?

"நான் விசாரிக்காத இடமில்ல. கம்பெனியில கேட்டாச்சு, பஸ்ல கேட்டாச்சு. இந்த ஊர்ல நம்மளை விட்டா தமிழ் பேச நாதி இல்ல. என்னை என்னதான் பண்ணச் சொல்றே?"

"ஊர்ல இருந்தப்ப மாடிப்படி இறங்குறதுக்குள்ள நாலு பேர்கிட்ட நின்னு பேசுவேன். 'என்ன சமையல்'னு ஒருத்தி கேப்பா. 'எங்க கிளம்பியாச்சு'ன்னு இன்னொருத்தி மூக்கை நுழைப்பா. அப்பல்லாம் எரிச்சலா வரும். இப்ப அந்த எதிர்வீட்டுக்காரி வந்து ஒரு சண்டை போட்டாக்கூடத் தேவலைன்னு இருக்கு."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. அவனுக்கு மட்டும் ஏக்கம் இல்லையா என்ன? வேலை முடிந்ததும் கூட்டாளிகளோடு நின்றுகொண்டு மணிக்கணக்கில் வெட்டிக்கதை பேசியதெல்லாம் போன ஜென்மம் மாதிரி இருந்தது. ஆனால் அதைச் சொன்னால் இவள் இன்றைக்கே பெட்டியைக் கட்டிவிடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் அந்த ஐந்து மாடிக் கடையில் கூட்டம் நெரிந்தது. மூன்றாவது மாடியில், பாத்திரங்கள் அடுக்கியிருந்த இடத்தில் அவள் நின்றாள்.

"அந்த செல்போன் என்கிட்ட இருக்கட்டும். ஜன்னல் திரைக்கு எடுத்த அளவு அதுலதானே இருக்கு? போய்ப் பார்த்துட்டு வந்துடறேன். இங்கேயே நிக்கணும், நகரக் கூடாது."

பத்து நிமிடம் ஆயிற்று. இருபது ஆயிற்று. ஆளைக் காணோம். அவன் திரைச்சீலைப் பக்கம் போய்த் தேடினான், திரும்ப வந்து பாத்திரங்களுக்கு நடுவே நின்றான், மறுபடி ஓடினான். அவளுக்கு இந்த ஊர் பாஷையில் மொத்தமே நாலு வார்த்தைதான் தெரியும். எங்கே போய் மாட்டிக்கொண்டாளோ! கோபத்தில் தனியாகவே கிளம்பிவிட்டாளோ! கூப்பிட்டுப் பார்க்கலாமென்றால் இருக்கிற ஒரே செல்போனும் அவளிடம்.

அப்போது ஒலிபெருக்கி கரகரத்தது. ஒரு பெண் உள்ளூர் பாஷையில் என்னவோ அறிவித்தாள். அடுத்து வேறொரு குரல்.

"ஏங்க... ஏங்க, எங்க இருக்கீங்க? நான் கீழ வாசல்கிட்ட, விசாரிக்கிற மேஜை பக்கத்துல நிக்கிறேன். சீக்கிரம் வாங்க!"

அவள் குரலேதான். ஆனாலும் அவன் மலைத்துப்போய் நின்றான். தன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்பது உறைக்கவே கொஞ்ச நேரம் பிடித்தது. அப்புறம் எடுத்தான் ஓட்டம்.

கீழே மேஜையைச் சுற்றி ஒரு கும்பல். ஐயோ, என்ன ஆச்சோ என்று முண்டியடித்து உள்ளே நுழைந்தான். நடுவில் நின்று அவள் மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர், முகமெல்லாம் பல்.

"நான் இங்க பஸ் ஓட்டுறேன்மா," என்று ஒரு தொப்பைக்காரர் மூச்சு வாங்கச் சொன்னார். "வீட்ல தலைவலின்னு படுத்திருந்த என் சம்சாரம் எப்ப இங்க வந்தாள்னு பதறியடிச்சு ஓடி வந்தேன்!"

"எனக்குப் புருஷனும் கிடையாது, ஒண்ணும் கிடையாது," என்றாள் ஆஸ்பத்திரிச் சீருடையில் இருந்த ஒரு பெண். "தமிழ் கேட்டுச்சு. எடுத்த சாமானை அப்படியே போட்டுட்டு வந்துட்டேன்க்கா. உங்க வீடு எங்க?"

ஒரு பெரியவர் மட்டும் சற்றுத் தள்ளி நின்றார். "என் வீட்டுக்காரி போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகுதும்மா. இப்படித்தான் கூப்பிடுவா. புத்திக்குத் தெரியுது, கால் கேக்கல."

அவள் சட்டென்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "வர்ற ஞாயித்துக்கிழமை நம்ம வீட்லதான்ப்பா சாப்பாடு. எல்லாரும்தான். யாரும் சாக்குச் சொல்லக் கூடாது."

அதற்குள் பஸ்காரர் இவனைக் கண்டுபிடித்துவிட்டார். "நீங்கதானா அவரு? அந்த மேஜைக்காரி பேரைக் கேட்டுக் கேட்டு அலுத்துட்டாளாம், உங்க சம்சாரம் வாயைத் திறக்கலையாம். கடைசியில மைக்கையே கையில கொடுத்துட்டா. இந்தக் காலத்துலயும் புருஷன் பேரைச் சொல்லாத பொண்ணு! கொடுத்து வச்சவர் சார் நீங்க!"

அவன் அசடு வழிந்தான்.

நம்பர் வாங்கி, விலாசம் எழுதி, வாசல் வரை வந்தும் பேசி, எல்லாரும் கலைய முக்கால் மணி நேரம் ஆயிற்று. தெருவுக்கு வந்ததும் அவன் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டான்.

"எனக்கு உயிரே போயிடுச்சு, தெரியுமா? அதெல்லாம் இருக்கட்டும். கல்யாணமாகி ஆறு வருஷத்துல என்னை என்னைக்காவது 'ஏங்க'ன்னு கூப்பிட்டிருக்கியா? ஒண்ணு பேரு, இல்லேன்னா 'டேய்'. இன்னைக்கு மட்டும் என்ன இது புதுசா?"

"நீ பாத்திரங்களுக்கு நடுவுல முழிச்சிட்டு நின்னதைத் தூண் மறைவுல இருந்து பார்த்துட்டுத்தான்டா கீழ இறங்கினேன்," என்று அவள் அவன் கையைக் கோத்துக்கொண்டாள். "உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா நீ ஒருத்தன்தானே வருவே?"