இடமிருந்து வலம்

“தயவுசெய்து வச்சிடாதீங்க மேடம். நீங்க வச்சிட்டா என் யானை நடுத்தெருவுல நிக்கும்.”

“நீங்க வைக்கிற வரைக்கும் நாங்க வைக்கக் கூடாது சார், கம்பெனி ரூல். என்ன யானை?” எதிர்முனைக் குரலில் துளி ஈரமில்லை.

“குழந்தைங்க புத்தகம். ஒரு யானை தும்முது, அவ்வளவுதான் கதை. பக்க வடிவமைப்பு நான். அஞ்சு மணிக்குள்ள அச்சகத்துக்குப் போகணும். ஃபைல் மெயில்ல அடங்கல. உங்க சாஃப்ட்வேரைப் போட்டு அனுப்பச் சொல்லிட்டாங்க.”

அந்த உதவி எண்ணில் முதலில் இரண்டு முறை ஆண்குரல் எடுத்தது. இரண்டு முறையும் அவன் வாய் திறவாமல் வைத்துவிட்டான். மூன்றாவதாக இவள் எடுத்ததும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, தலைமுடியைக்கூட ஒதுக்கிக்கொண்டான். கோப்பு போயாக வேண்டும் என்பது உண்மை. அதைவிட, இந்தக் குரல் ஒரே ஒரு முறை சிரித்துவிட வேண்டும் என்பதில்தான் அவன் உயிர் இருந்தது. அவன் மணமானவன் என்பதையும் இங்கே சொல்லிவிடுவதே முறை.

“சர்வர் முகவரி, யூசர் நேம், பாஸ்வேர்டு மூணும் அச்சகத்துல குடுத்திருப்பாங்க. மேல இருக்கிற கட்டங்கள்ல போடுங்க சார்.”

“போட்டாச்சு. பாஸ்வேர்டு கட்டத்துல வெறும் நட்சத்திரமா வருது. பட்டப்பகல்ல நட்சத்திரம் காட்டுறீங்களே மேடம்.”

“அது அப்படித்தான் சார் தெரியும். கனெக்ட் பட்டனை அழுத்துங்க.”

“உள்ள விட மாட்டேங்குது.”

“பாஸ்வேர்டை எங்கிருந்தாவது காப்பி பண்ணி ஒட்டுனீங்களா?”

“ஆமா.”

“கடைசியில ஒரு இடைவெளியும் சேர்ந்து ஒட்டியிருக்கும். கையால டைப் பண்ணுங்க.”

“எப்படி மேடம்? பக்கத்துல நின்னு பார்த்த மாதிரியே சொல்றீங்க.”

“இந்தக் கால் ரெகார்ட் ஆகுது சார். வேலையை மட்டும் பேசுங்க.”

அவன் வேலையைப் பேசினான். இணைப்பு கிடைத்தது. திரை இரண்டாகப் பிரிந்து நின்றது.

“இடது பக்கம் இருக்கிறது உங்க கம்ப்யூட்டர். வலது பக்கம் அச்சகத்தோடது. இடதுல இருந்து வலதுக்கு ஃபைலை இழுத்து விடுங்க.”

“யாரோட இடது மேடம்? உங்களோடதா, என்னோடதா?”

“ரெண்டு பேருக்கும் இடது ஒண்ணுதான் சார்.”

“அதெப்படி? நீங்க எனக்கு எதிர்ல உட்கார்ந்திருந்தா மாறுமே.”

எதிர்முனையில், மூக்கைப் பொத்திக்கொண்டால் எழும் ஓர் ஒலி.

“சிரிச்சீங்களா மேடம்?”

“இருமல் சார்.”

“நல்லா இருக்கு. இன்னொரு தடவை இருமுங்களேன்.”

இந்த முறை அதை இருமல் என்று எவராலும் சாதித்திருக்க முடியாது. அவன் சுழல்நாற்காலியோடு ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வந்து, யானையை இழுத்து வலப்பக்கம் விட்டான். பச்சைக் கோடு ஊர்ந்தது, நின்றது, தயங்கியது. கடைசியில் வால்வரைக்கும் அச்சகத்துக்குள் புகுந்தது.

“போயிடுச்சு மேடம்.”

“சந்தோஷம் சார். வேற ஏதாவது உதவி வேணுமா?”

“வேண்டாம் மேடம். இதுவே போதும்.”

அவன் போனை வைத்தபோது மணி ஐந்து.

முந்தாநாள் சண்டைக்குப் பிறகு அவனுக்கு மட்டும் திறக்காதிருந்த பக்கத்து அறைக் கதவு திறந்தது. ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கியபடி அவன் மனைவி வந்து எதிரே நின்றாள்.

“ஷிஃப்ட் முடிஞ்சுது. இனிமே சாரு கீருங்கிற மரியாதையெல்லாம் கிடையாது. ரெண்டு நாளா சேர்த்து வச்சிருக்கேன், உட்கார்ந்து வாங்கிக்கடா.”