இனிமே இதான் காலம்

ஆண்டர்சன்பேட்டை மளிகைக்கடையில் அரிசி மூட்டையை இறக்கி மூச்சு வாங்குவதற்குள் துளசிராமனின் போன் அடித்தது. ஷோபாதான். ஸ்பீக்கரில் போட்டார்.

"இன்னாண்ணா, ஊரிகம் ஏரியா ஆர்டர் இன்னும் கெளம்பலையா? கஸ்டமர் கத்துறாங்க."

"எனக்கு இருக்கிறது ரெண்டு கைதாம்மா!"

"பேசிக்கினே நிக்காதீங்க. பாலகாட் ஏரியாவுக்கும் ஒண்ணு போவணும்."

வீட்டில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு என்ன அதிகாரம்! பல்லைக் கடித்தபடி பருப்பை எடை போட்டார்.

"நாளைக்கு லீவு கேட்டேனே, தங்கச்சி வீட்டு விசேஷம்..."

"ஆவாதுண்ணா. நீங்களும் பூட்டா கடையில யாரு?"

பட்டென்று போனை வைத்துவிட்டாள்.

மூட்டை கொண்டுவந்த புது லாரி டிரைவருக்கே பொறுக்கவில்லை. "இவ்ளோ பேச்சு வாங்கிக்கினு ஏன் சார் இங்க கெடக்குறீங்க? வேலைய வுட்டுட்டு, எல்லாரையும் போல காலையில பெங்களூர் ரயில் ஏறுங்க."

"அந்த ரயில்ல ஷோபாவும் கடையில இருந்த மத்த ரெண்டு பேரும் ஏறிடப் போறாங்களேன்னுதாம்பா, இனிமே இதான் காலம்னு, மூணு பேருக்கும் வீட்லேர்ந்தே வேலை பாக்க அனுமதி குடுத்தேன்."

"யாரு, நீங்களா குடுத்தீங்க?"

மறுபடி போன் அடித்தது. துளசிராமன் அடுத்த மூட்டையைத் தோளில் ஏற்றினார்.

"பின்ன? மொதலாளி நான்தானே!"