இரண்டாவது லேஸ்

அந்தக் கடைசி டிவிஷன் கிளப்பில் சீசனுக்கு ஆள் எடுக்கும்போது செயலாளர் துரைக்கண்ணு யாரையும் பந்தை உதைத்துக் காட்டச் சொல்லமாட்டார். முழுசாகக் குந்தி, தரையில் கை ஊன்றாமல், யார் கையையும் பிடிக்காமல் எழவேண்டும். எழுந்தவனுக்கு ஜெர்சி. எழாதவன் வீட்டுக்குப் போகலாம். இத்தனை வருஷம் கிளப்புக்குக் கோலடித்துக் கொடுத்த தேசிங்கும் குந்தினான். பாதியில் வலது முட்டிக்குள் விறகு முறிகிற மாதிரி சத்தம் கேட்டது. பக்கத்தில் நின்ற கோல்கீப்பர் ஆமோஸ், அது செயலாளர் காதுக்குப் போகாதபடி பலமாக இருமினான்.

"ம், எந்திரி."

தேசிங்கு எழவில்லை. இடது பூட்ஸின் லேஸை உருவிவிட்டுக் கட்ட ஆரம்பித்தான்.

"லேஸு அவுந்துகிச்சுண்ணே."

"கட்டு, கட்டு. ஆமோசு, உனக்கு இன்னாடா, டிபியா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். தேசிங்கும் சிரித்தான். மூக்கு நுனியிலிருந்து வேர்வை பூட்ஸின் மேல் சொட்டியது. அது கட்டி முடிந்ததும் அடுத்த லேஸை உருவினான்.

"இன்னா நைனா, பந்தியிலயா குந்திகினு கீற? எல போடச் சொல்லட்டா?"

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. துரைக்கண்ணு கிட்டே வந்தார். தேசிங்கு கோலடித்தபோதெல்லாம் கோட்டைத் தாண்டி ஓடிவந்து அவனைக் கட்டிக்கொண்டவர் அவர்தான். வலது கையை அவன் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"புடிச்சிக்கோ."

ஆமோஸ் இருமலை நிறுத்தியிருந்தான். இரண்டாவது லேஸும் இறுகிவிட்டது. தேசிங்கு அதை மறுபடி உருவப் போனான். உருவவில்லை. அந்தக் கை நீட்டியபடியே இருந்தது.